மச்சினனுக்கு வந்த சால்வை

...அதான் சார் சொல்றேன், கூச்சப்படுறவனுக்கு எதுக்கு சமூக சேவ? வீட்டுல குந்திக்கினு டிவி பாக்க வேண்டியதுதான? கொஞ்சம் நவுந்து உக்காருங்க, பை இடிக்குது. இந்த பஸ்ஸுல எப்பவும் இப்பிடித்தான்.

யாரச் சொல்றேனா? என் மச்சினன் சார், இளவரசு. பொண்டாட்டிக்குத் தம்பி. ஒரு முந்திரி கம்பெனியில கணக்கெழுதுறான், எங்க வீட்டு மாடியிலதான் குடியிருக்கான். ஒரு நாளு வந்து, 'மாமா, எதாவது சேவ செய்யணும்போல இருக்குது, ஆனா ஆளுங்ககிட்ட ஜாஸ்தி பேசாத வேலையாக் குடுங்க'ன்னான். பேசாம ஒரு சேவ, கேள்விப்பட்டிருக்கீங்களா நீங்க? நான் கடலூர்ல ஒரு சேவா சங்கத்துக்குச் செயலாளர். கோவிந்தசாமின்னா மஞ்சக்குப்பத்துல தெரியாத ஆளு கெடையாது.

சரின்னு வெள்ளத்தப்ப அரிசி குடுக்கக் கூட்டிக்கினு போனேன். போட்டோவுக்கு நில்லுடான்னா மூட்டைக்குப் பின்னாடி போயி நிக்கிறான். மூட்டை மட்டும் நல்லாத் தூக்குறான். அதுக்கு லோடு ஆளு போதுமே சார்.

அப்பறம் கண்ணு முகாம். கூச்சத்தத் தெளிய வக்கலாம்னு, அவங்கிட்ட சொல்லாமலே மேடையில பேரக் கூப்ட்டு மைக்கக் கையில குடுத்துட்டேன். நல்லதுக்குத்தான செஞ்சேன்? வாயத் தொறக்குறான், சத்தம் வரல. முன்னாடி இருந்த பயலுவ சிரிச்சிட்டானுவ. நானும் சும்மா ஒரு ஜோக்கு அடிச்சேன்... மைக்கத் தரையில வச்சிட்டு எறங்கிப் போயிட்டான் சார், செருப்புகூட போடல. அதுலேர்ந்து கீழ சோத்துக்கே எறங்குறதில்ல. என் வீட்டம்மா புஷ்பவள்ளி தட்டுல போட்டு மாடிக்கிக் கொண்டுபோவா. போவும்போது என்ன ஒரு பார்வ பாப்பா பாருங்க, என்னமோ நான் கொல பண்ணிட்ட மாதிரி.

அப்பறம் ஒரு நாளு மாடிக்கிப் போனேன். வேகாத வெயில்ல ஃபேன ஆஃப் பண்ணிட்டு, சாமான் ரூம்ல மெத்தையச் சுவத்துல சாத்தி வச்சிக்கினு, தனியாப் பேசிக்கினு இருக்கான். பயித்தியம் புடிச்சிருச்சின்னே நெனச்சேன். என்னன்னா, சிதம்பரத்துல பார்வையில்லாத புள்ளைங்க காலேஜு படிக்கிதுங்களாம், அதுங்களுக்குப் பாடப் புஸ்தகத்தப் படிச்சி ஃபோன்ல ரெக்கார்டு பண்ணி அனுப்புறானாம். ரெண்டு வருசமா. இவனாத் தேடிக் கண்டுபுடிச்சதாம். யாரும் அவனப் பாக்க வேணாம், அவனும் யாரையும் பாக்க வேணாம். ஒரு பேனர் கெடையாது, பேப்பர்ல ஒரு வரி கெடையாது. இதுக்குப் பேரு சேவையா சார்?

கதவுகிட்ட நின்னு கேட்டேன். சோழர் காலத்து ஏரி, மதகுன்னு எதையோ நிறுத்தி நெதானமா, பக்கத்துல ஆளு இருக்குற மாதிரியே சொல்லிக்கினு போறான். அக்கம்பக்கம் ஆளு இல்லாதப்ப மட்டும் பேச்சு எங்கேர்ந்துதான் வருதோ.

போன வாரம் அவன் குளிக்கப் போன நேரம் அவன் ஃபோன் அடிச்சிது. எடுத்தேன். அந்த ரெக்கார்டு வாங்குற குரூப்புக்குப் புதுசாப் பொறுப்புக்கு வந்தவராம், தில்லைநாதன்னு பேரு. அந்தப் புள்ளைங்கள்ல எழிலரசின்னு ஒரு பொண்ணு, எம்.ஏ. வரலாறு, நல்ல மார்க்குல தேறிட்டாளாம். 'அந்தப் பொண்ணு தன் கையால உங்களுக்கு ஒரு சால்வை போடணும்னு ஆசப்படுது சார், எத்தினி மெசேஜ் போட்டும் பதிலே இல்லியே'ன்னாரு. இந்தப் பய எங்க போகப்போறான்? வர்ற மரியாதைய வேணான்னு சொல்லலாமா? இன்னிக்கி வர்றேன்னு சொல்லிட்டேன்.

ஆமா, என்னத்தான் அவரு இளவரசுன்னு நெனச்சாரு. நானும் இல்லேன்னு சொல்லல. இவங்கிட்டயும் சொல்லல. அங்க இருக்குற ஒருத்தரும் அவனப் பாத்ததில்ல. அந்தப் பொண்ணுக்கோ கண்ணு தெரியாது. சால்வைய வாங்கிக்கினு, நாலு வார்த்த நல்லதாப் பேசிட்டு வந்தா முடிஞ்சிது...

என்ன சார்? இவ்ளோ நேரம் கம்முனு வந்துட்டு இப்ப என்னமோ கேக்குறீங்க.

கொரலா?

ரெண்டு வருசமா அந்தப் பொண்ணு காதுல...

ம்.

இத யோசிக்கலியே சார்... தில்லைநாதன் வேற, பஸ் ஸ்டாண்டுக்கே வர்றேன்னாரு, அந்தப் பொண்ணையும் கூட்டிக்கினு.

சார், கோவிச்சிக்காதீங்க. உங்க கொரலும் கொஞ்சம் மெதுவாத்தான் இருக்குது, அவன் கொரல் மாதிரியே. ரெண்டே வார்த்த சொன்னா போதும், சால்வைய நான் வாங்கிக்கிறேன்...

எங்க சார் எழுந்துக்குறீங்க? இது முட்லூர் சார். சிதம்பரம் இன்னும் வரல. சார்...