ஒன்பது கிளப் கண்ட றொக்சன்

கணிதத்தைக் கரைத்துக் குடித்து, கடிகாரத்தைக் கையிலே பிடித்து, எனக்குப் பத்தே நிமிடம் தந்திருக்கும் தலைவர், பேராசிரியர் மணிவாசகம் அவர்களே! பாவங்களைப் பொறுத்ததோடு என் பேச்சுகளையும் பொறுத்துப் பழகிய பங்குத்தந்தை பத்திரிக் அடிகளாரே! மூட்டுவலியோடும் முகமலர்ச்சியோடும் முன்வரிசையில் வீற்றிருக்கும் முதியோரே! றோல்ஸ் பொரியும் சத்தத்துக்கு ஒரு காதும் எனக்கு ஒரு காதும் தந்து நிற்கும் தாய்மாரே! கர்க்லாண்டிலிருந்து வாகன நெரிசலை வென்று வந்தவர்களே! டவுன்டவுனிலிருந்து மெட்ரோ மாறி மாறி வந்தவர்களே! பின்வரிசையில் பிரெஞ்சிலே குசுகுசுக்கும் பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு பொன்சுவா! அனைவருக்கும் இந்த அலோசியஸின் அன்பு வணக்கம்!

தலைவர் காதோரம் வந்து, "சார், கொஞ்சம் சுருக்கமா முடிச்சிடுங்க" என்றார். சென்னைக்காரர், பாவம். யாழ்ப்பாணத்தானுக்கு ஒலிவாங்கியைக் கொடுத்துவிட்டுச் சுருக்கத்தை எதிர்பார்க்கிறார்!

யாருக்காகக் கூடியிருக்கிறோம் இந்த மாலையில்? அருமைநாதன், செல்வமலர் தம்பதியின் ஒரே புதல்வன் றொக்சனுக்காக. லண்டனிலே பிறந்து, மொன்றியலிலே வளர்ந்து, நம் பங்கின் உதைபந்தாட்ட அணியிலே வலதுபக்க ஓரத்தால் ஓடி, இருபது வயதிலே இங்கிலாந்துக்குப் பந்தாடவே போன பிள்ளைக்காக. தொண்ணூற்றாறில் போனவர் இந்த இரண்டாயிரத்து ஏழில் திரும்பியிருக்கிறார். பதினொரு ஆண்டு! ஒன்பது கிளப்!

உலகக் கிண்ணம் கண்டாரா? கண்டார், தொலைக்காட்சியிலே. ஒரு லட்சம் பேர் முன் ஆடினாரா? ஆடினார், பதினொரு வருடத்துச் சனத்தையும் ஒன்றாய்க் கூட்டினால். மழை பெய்தால் முந்நூறு பேரும் இரண்டு நாயும் என்று அவரே சொன்னார். கோல் போட்டாரா? பதினாறு! பதினேழாவது ஒன்றும் உண்டு. அது சொந்த அணியின் வலைக்குள்ளேயே போனதால் அந்த ஊரவர் இன்னும் அதைச் சேர்க்க மறுக்கிறார்கள்!

பந்தாட்டம் அறிந்த ஜோன்சன் தம்பி, சிரிக்காதையும். உம்மிடம் பிறகு வாறன்.

அவருடைய ஆட்டத்தைக் கொம்பியூட்டரிலே, படமில்லாமல் எழுத்தாய், நாம் முதன்முதல் பார்த்த நாள் நினைவிருக்கிறதா? இதே மண்டபத்தில் ஜோன்சனின் கொம்பியூட்டரைச் சுற்றி நாற்பது பேர் நின்றோம். எண்பத்தெட்டாவது நிமிடத்தில் உள்ளே வந்தார். தொண்ணூறாவது நிமிடத்தில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் கட்டம் வந்தது. ஆரவாரம்! கரகோஷம்! என் மனைவி மாக்கிரட், "மஞ்சள்தானே, மங்களம்" என்று சொல்லி எல்லோருக்கும் கேக் வெட்டிக் கொடுத்தா. அடுத்த நாள்தான் அறிந்தோம், அது ஒருவரின் காலைத் தட்டி விழுத்தியதற்கு நடுவர் காட்டிய அட்டை என்று.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். சபையோரே, நான் யாழ்ப்பாணக் கச்சேரியிலே, அதுதான் அரச செயலகத்திலே, பத்தொன்பது வருடம் எழுதுவினைஞனாக இருந்தவன். எங்கள் உத்தியோகத்தில் ஒருவருக்கு இடமாற்றம் வந்தால் என்ன அர்த்தம்? பதவி உயர்வு! ஊரே மாலையோடு போய் நிற்கும். ஆகவே, "றொக்சன் வேறு கிளப்புக்கு மாறிவிட்டான்" என்று அருமைநாதன் அண்ணை சொன்ன அன்றே நான் பேனையை எடுத்தேன். பங்கு மடலிலே எழுதினேன்: பதவி உயர்வு பெற்ற நம் பந்தாட்டப் பரிதிக்காக நன்றித் திருப்பலி! மீன்பிடித் துறைமுக ஊருக்கு மாறினார், நன்றித் திருப்பலி! பிஸ்கற் தொழிற்சாலை ஊருக்கு மாறினார், நன்றித் திருப்பலி! மைதானத்துக்குப் பக்கத்திலே தண்டவாளம், பந்து வெளியே போனால் ரயில் ஏறிப் போய்விடும் என்று ஓர் ஊர், அதற்கும் திருப்பலி! பூசை முடிய றோல்ஸ், பற்றிஸ், தேத்தண்ணி. இப்படி எட்டு முறை!

இரண்டாயிரத்து நாலிலே அவர் கிளப்பே மாறவில்லை. ஆனாலும் உயர்ந்துவிட்டார்! மூன்றாம் பிரிவிலே ஆடிக்கொண்டிருந்தவர், கோடை முடிய லீக் இரண்டிலே ஆடினார். மூன்றிலிருந்து இரண்டு! விடுவேனா? மடலிலே முழுப்பக்கம் எழுதினேன். நடந்தது என்ன? இங்கிலாந்துக்காரன் பிரிவுகளின் பெயரை மாற்றினான், அவ்வளவுதான். வீட்டுக்கு இலக்கம் மாறியது. வீடு அதே ஒழுங்கையில்தான் நின்றது.

ஜோன்சன், இப்போது சொல்லும். உமக்குப் பந்தாட்டம் தெரியும்தானே? ஏன் ஐசே ஒரு வார்த்தை சொல்லேல்லை? என்ன? கேட்டீர்களா சபையோரே? "கேக் நல்லா இருந்தது, அண்ணை" என்கிறார்!

சிரித்தோம். நல்லது. இனிக் கொஞ்சம் சிரிக்காமல் கேளுங்கள்.

இன்று நாலு மணிக்கு, இந்த மண்டபத்தின் சமையலறையிலே, நான் எழுதி அச்சடித்த வாழ்த்துமடலை றொக்சன் எழுத்துக் கூட்டி வாசித்தார். "படிப்படியாய் உயர்ந்த பந்தாட்டப் பரிதியே" என்ற இடத்தில் நின்றுவிட்டார்.

"அங்கிள், நான் உயரேல்லை. இறங்கினனான். அவங்கள் ஒவ்வொரு முறையும் என்னை வேண்டாம் எண்டு விட்டவங்கள். வேற கிளப் கூப்பிடுமட்டும் ரெலிபோனுக்குப் பக்கத்தில இருந்தனான்."

நான் பேனையை மூடிச் சட்டைப்பையில் வைத்தேன். ஆம் சபையோரே, நானே!

"அப்பாவுக்கு ஒவ்வொரு முறையும் சொன்னனான். அவர் உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

"இல்லையே, தம்பி."

அந்தப் பிள்ளையின் முகம் போன போக்கை நான் மறக்கமாட்டேன். "அப்ப, அப்பாவுக்கு என்னில வெக்கமோ?" என்று கேட்டார். கோட்டைப் போட்டுக்கொண்டார். "இதை வாசிச்சால் நான் போறன், அங்கிள்" என்று சொல்லிப் பின்கதவடிக்குப் போனார். இப்போதும் அங்கேதான் நிற்கிறார். திரும்பிப் பார்க்காதேயுங்கோ, பிள்ளை கூச்சப்படும்.

நான் ஓடினேன் அருமைநாதன் அண்ணையிடம். டோர்வல் விமான நிலையத்தில் இருபத்திரண்டு வருடம் மற்றவர்களின் பெட்டி தூக்கிய மனிதர், மகனின் விழாவுக்குக் கதிரை தூக்கி அடுக்கிக்கொண்டிருந்தார். கேட்டேன். அவர் சொன்னதை மகனிடம் தனியே சொல்லும்படி கெஞ்சினேன். "என்னால ஏலாது, நீர் சொல்லும்" என்றார். ஆகவே சபையிலே சொல்கிறேன். அண்ணை, எழும்பாதேயுங்கோ. இருங்கோ.

"அலோசியஸ், வெக்கம் எண்டு ஆர் சொன்னது? அவனை வேண்டாம் எண்டு விட்ட நாளெல்லாம் எனக்குச் சாப்பாடு இறங்கேல்லை. நீர் பிழையாய் விளங்கிக்கொண்டு பூசை ஒப்புக்கொடுத்தனீர். கோயில் நிறையச் சனம் என்ர பிள்ளையின்ர பேரைச் சொல்லி மன்றாடிச்சுது. உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பியள்? 'அட பாவம்' எண்டுபோட்டுப் போயிருப்பியள். வெண்டவனுக்குத்தான் எங்கட சனம் பூசை குடுக்கும். எனக்கு அவனை வேண்டாம் எண்ட அண்டைக்குத்தான் பூசை வேணுமாயிருந்தது."

சபையோரே, எனக்கு அழுகை வந்தது. எங்களைப் பற்றி அந்த மனிதர் சொன்னது பொய்யா? நெஞ்சிலே கை வைத்துச் சொல்லுங்கள். பட்டம் பெற்றவனுக்கு விழா எடுத்தோம். வீடு வாங்கியவனுக்கு விருந்து வைத்தோம். வேலை போனவன் வீட்டு மணியை எத்தனை பேர் அடித்தோம்?

வேண்டாம் என்று விடப்படாதவர் இந்த மண்டபத்தில் யார்? தையல் தொழிற்சாலை மூடிய அன்று கத்தரிக்கோலோடு வீடு வந்த தாய்மார் இங்கே இல்லையா? "மெர்சி", அதாவது நன்றி, என்ற ஒரு சொல்லோடு உணவகக் கதவு சாத்தப்பட்ட தம்பிமார் இங்கே இல்லையா? என்னையே மூன்று இடத்தால் அனுப்பினார்கள். ஓரிடத்தில், அதிகம் கதைக்கிறேன் என்று! ஆனால் அடுத்த திங்கட்கிழமை என்ன செய்தோம்? தலையை வாரி, சப்பாத்தைத் துடைத்து, வேறொரு வாசலிலே போய் நின்றோமா இல்லையா? நின்றோம்! மறுபடியும் நின்றோம்!

அதைத்தானே இந்தப் பிள்ளையும் செய்தது? எட்டுக் கிளப் போ என்றது. எட்டு முறையும் இன்னொன்று வா என்றது. பிடிக்காதவனைக் கூப்பிடுவார்களா? ஓடாதவனைக் கூப்பிடுவார்களா? ஒன்பதாவது கிளப்பும் விட்ட பிறகுதான் ஓய்ந்தார். அதுவும் முழங்கால் மறுத்ததால், மனம் மறுக்கவில்லை!

றொக்சன் தம்பி! வாழ்த்துமடலைக் கிழித்துவிட்டேன். இதோ, நாலு துண்டு. உயர்ந்தீர் என்று இனி ஒருவரும் சொல்லமாட்டோம். அப்பா உம்மைப் பார்த்து வெட்கப்படவில்லை, ராசா. எங்களை நம்பத்தான் பயப்பட்டார். பிழை எங்களுடையது. மேடைக்கு வாரும்.

வாறார்! வழி விடுங்கோ! தலைவர் அவர்களே, பொன்னாடையை உங்கள் கையால் போர்த்துவதாகத்தான் நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. என்ன சொன்னீர்கள்? "அப்பாவே போர்த்தட்டும்." வாழ்க நீர்! பேராசிரியர் என்றால் இவரல்லவா பேராசிரியர்! அருமைநாதன் அண்ணை, இப்போது எழும்புங்கோ. செல்வமலர் அக்கா, நீங்களும் வாருங்கோ. தம்பி, கோட்டைக் கழற்றும். அதுக்கு மேலே பொன்னாடை நிற்காது.

அன்பர்களே, பொறுமையோடு இருந்த உங்களுக்கும், நான் பத்து நிமிடத்தைப் பதினெட்டாக்கியும் மணியடிக்காத தலைவருக்கும், சமையலறையில் வெந்துகொண்டிருக்கும் கைகளுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. அடிகளாரிடம் இப்போதே அனுமதி கேட்டு ஓர் அறிவித்தல் தந்து அமர்கிறேன்: வருகிற ஞாயிறு பத்து மணிக்கு றொக்சனுக்காகத் திருப்பலி. அவருக்கு இப்போது கிளப் இல்லை, வேலை இல்லை, முழங்காலும் சரியில்லை. ஆகவே எல்லோரும் வாருங்கள்.

வணக்கம்!