ஏழாம் நம்பர் பிளேட்டு

போட்டோவுல அந்தாளு மூஞ்சிய பாத்தீங்களா, சத்யப்ரியா மேடம்? பல்லெல்லாம் தெரியுது! எங்க வீட்டுக்காரருதான்... தேசப்பன். உங்க புரொபசர் சாரு இவரு தோள்ல கை போட்டுக்கினு, "இந்தக் காவக்காரரு இல்லன்னா நம்ம ஆராய்ச்சியே இல்ல"ன்னாராம். காவலாம்ல, காவலு! பதினாலு மாசத்துல இந்த பிளேட்டு மாட்டுன ஸ்டாண்டு பக்கம் நாலு தபா வந்திருப்பாரா? மோட்டார் ரூம்ல படுத்துக்கினு ரேடியோ கேக்கவே அந்தாளுக்கு நேரம் பத்தல. தெனம் வந்து பாத்தது யாரு? இந்தத் தையல்நாயகி! உப்பளத்துல யார வேணா கேளுங்க.

ஆங், நோட்டு எடுத்துட்டீங்களா? எழுதுங்க, எழுதுங்க.

மொத நாளு என்னா சொன்னீங்க? "ஏழு பிளேட்டு மாட்டியிருக்கோம், உப்புக்காத்துல எது எவ்ளோ துருப்பிடிக்குதுன்னு பாக்கணும், யாரும் கை வெக்கக்கூடாது"ன்னீங்க. வுட்டனா? காக்கா ஒக்காந்தா கல்லெடுத்து அடிச்சேன். பக்கத்துப் பாத்தி மேரிசெல்வி ஈரப் பொடவைய கொண்டாந்து அதுமேல காயப்போட்டா பாருங்க... அன்னிக்கி புடிச்ச சண்ட, இன்னும் அவளும் நானும் பேசிக்கறதில்ல!

துரு எனக்குத் தெரியாதா மேடம்? மரக்காணத்துல குடியிருந்து பாருங்க. போன தைக்கு வாங்குன சைக்கிளு, மக்கார்டே காணோம். பீரோ போச்சு, ஜன்னல் கம்பி போச்சு. எங்க மாமியா ஒண்ணுதான் அப்படியே இருக்குது.

அப்புறம் அந்த ஏழாம் நம்பரு! மத்ததெல்லாம் செவசெவன்னு ஆயிடிச்சு, அது மட்டும் பளபளன்னு... நீங்க குதிச்ச குதியில செருப்பு ஒண்ணு பாத்திக்குள்ள போயிடிச்சே! "கடலுக்குள்ள நிக்கற கரண்ட்டு காத்தாடிக்கு இதுலயே காலு செய்யலாம், இத வெச்சுதான் எனக்கு டாக்டர் பட்டம்"னீங்க. நாளைக்கு பெரிய மீட்டிங்ல இதப் பத்தி பேசப் போறீங்களாமே? எனக்கும் சந்தோஷந்தான். ஆனா அது தானாவா பளபளத்துச்சு?

அஞ்சு உலோகத்த சரிசமமா உருக்கி ஊத்துனதுன்னு நீங்கதான சொன்னீங்க? அஞ்சு உலோகம்னா என்னா? கோயில்ல சாமி செய்யறது! அதப் போயி உப்புக்காத்துல காயவுட்டா குடும்பம் வெளங்குமா? அதான், வெள்ளிக்கெழம ஆனா தலைக்கு ஊத்திக்கினு வந்து நல்லெண்ண தடவிடுவேன். ஏழாம் நம்பருக்கு மட்டுந்தான். ஐய, கை வெக்கல மேடம்! கை வெக்கக்கூடாதுன்னீங்க இல்ல... பஞ்சாலதான். ஒரு வாரம் தவறுனதில்ல, மழ பேஞ்சா ரெண்டு தபா. நீங்க வர்ற அன்னிக்கி காலையில மட்டும் சுத்தமா தொடச்சி வெச்சுடுவேன். பிசுபிசுன்னு இருந்தா நல்லாவா இருக்கும்?

இப்ப சொல்லுங்க, காவலு யாரு? ரிப்போர்ட்ல அந்தாளு பேர எடுத்துட்டு எம்பேர போடுங்க. தை... யல்... நா... ய... கி. எழுதிக்கினீங்களா?

என்னா மேடம்? அட, ஏன் ஒக்காந்துட்டீங்க... வரப்பெல்லாம் ஈரம், சுடிதாரு ஊறிடும்...

ஐயய்யோ, எழுதுனதயெல்லாம் எதுக்கும்மா அடிக்கறீங்க?