முப்பத்தைந்து அங்குலப் பிடிவாதம்

ஹலோ... ஆமா, எலோடிதான்... என்னது? இன்னொரு தடவ சொல்லு... என் மானத்துக்கு விலை முப்பது அடி இழுவைக் கயிறா? ... ம்... ம்... அதாவது, நீ வந்து இந்தச் சேத்துப் பாதையில இருந்து என் வண்டிய இழுத்துட்டுப் போவே. நான் அங்க மீன் வறுத்துத் தின்னுட்டு நிக்கிற கூட்டத்துக்கு முன்னாடி மைக்கப் புடிச்சு, 'எலோடி தப்பு, அண்ணன் க்ளோவிஸ் சரி'ன்னு சொல்லணும். அவ்வளவுதானே? ... கட்டுப்படியாகாது அண்ணே.

... குறைச்சுக்கறியா? எவ்வளவு? ... மைக் வேண்டாம், உன் பொண்டாட்டி முன்னாடி மட்டும் சொன்னாப் போதுமா? ... ஐயையோ, அதுக்கு மைக்கே தேவலை. மைக்குன்னா மைதானத்தோட போச்சு.

... சேத்துல மாட்டிக்கலன்னு சொல்றேன்ல. நிக்கிறேன். மாட்டிக்கிறது வேற, நிக்கிறது வேற. டேஷ்போர்டுல சிவப்பு விளக்கு எரிஞ்சுது, நானா நிறுத்தினேன்... ஆமா, சூடுதான்... ஆமா... ஆமா, ஆமா, சொன்னே. டயர் மாட்டும்போது சொன்னே, நட்டு முறுக்கும்போது சொன்னே, கோயில்ல பிரார்த்தனை நடுவுல முதுகத் தட்டிச் சொன்னே. 'இருபத்தேழு அங்குலத்துக்குச் செஞ்ச வண்டிக்கு முப்பத்தஞ்சு மாட்டாதே, எஞ்சின் திணறும், பெல்ட்டு கருகும், தண்ணி கொதிக்கும்.' பாடமே பண்ணிட்டேன். போதுமா?

... எங்கன்னா, முதலைப் பள்ளத்தத் தாண்டி, பட்டுப்போன சைப்ரஸ் மரத்துகிட்ட... மீட்டர் பதினொண்ணு மைல் காட்டுது. ஆனா வந்தது பதினாலு... ஏன்னா சக்கரம் பெருசானது மீட்டருக்குத் தெரியாது. உன்ன மாதிரிதான் அதுவும். நான் வளர்ந்தது தெரியாம இன்னும் பழைய அளவையே சொல்லிட்டிருக்கு.

... சிரிக்காத. பந்தயத்த மறந்துட்டியா? நீதானே பேசினே? ஆறு மணிக்குள்ள, பதினெட்டு மைலும், யாரும் இழுக்காம, என் சக்கரத்துலயே மைதான வாசல் கேட்டத் தாண்டினா, பட்டறையில வண்டி தூக்குற ரெண்டாவது லிஃப்ட் எனக்கு, நானும் மெக்கானிக். இழுத்துட்டு வந்தா, திங்கக்கிழமை மறுபடியும் அதே பார்ட்ஸ் கவுன்டர். 'சார், என்ன சைஸு?'... இருபத்திரண்டு வருஷம் அண்ணே. வண்டி வாசல்ல வந்து நிக்கும்போதே சத்தத்தக் கேட்டு, இன்ன கோளாறுன்னு நான் சொல்லுவேன். நீ உள்ள போய் ஒரு மணி நேரம் குனிஞ்சு நிமிர்ந்து, அதே கோளாறக் கண்டுபிடிச்சுட்டு வருவே. கைதட்டு உனக்கு... இல்லன்னு சொல்லேன் பார்ப்போம்.

... எவ்வளவு சூடா? முள்ளு கடைசிக் கோட்டுல நிக்குது. ஆனா எனக்கு முள்ளுக்கு முன்னாடியே தெரியும். எஞ்சின் சூட்டுல வேகட்டும்னு மேல புதான் சாசேஜ் வச்சிருந்தேன்... ஆமா, பன்றிக்கறியும் சோறும் அடைச்சதுதான், தகரத்தாள்ல சுத்தி. எப்பவும் ஒரு மணி நேரம் ஆகும்ல? இன்னிக்குப் பத்தே நிமிஷத்துல தோல் வெடிச்சுருச்சு... தின்னேன். பின்ன? பந்தயம் வேற, பசி வேற.

... மாட்டேன். ரேடியேட்டர் மூடியத் தொட மாட்டேன். நான் கவுன்டர்ல உட்கார்ந்தவ, முட்டாள் இல்ல... ஒரு நிமிஷம் இரு, யாரோ வராங்க... ஃபாதர்! வாங்க ஃபாதர்! ... இல்ல ஃபாதர், கொக்கு பார்க்கலாம்னு நிறுத்தினேன்! ... வெளுப்பு, ரொம்ப வெளுப்பு! நீங்க போங்க!

... ஃபாதர் ஓமர்தான் அண்ணே. அதே பழைய டயர்ல, ஆமை மாதிரி ஊர்ந்துகிட்டே என்னத் தாண்டிப் போறாரு. கையசைக்கிறாரு பாரு... எந்த கியரா? அவரு லோ கியர்தான். எழுபது வயசு மனுஷன் வேற என்ன போடுவாரு...

... நானா? ... ஹலோ? ... இங்க சிக்னல் விட்டு விட்டு வருது... கேக்கல... ஹலோ...

... கேக்குது. கத்தாத... ஹை... ஹை கியர்தான். பதினாலு மைலும் ஹை... தெரியும் அண்ணே! பெரிய சக்கரம், மெதுவான ஓட்டம், கொழகொழன்னு களிமண்ணு, லோவுலதான் போகணும். நூறு பேருக்கு நானே சொல்லியிருக்கேன்... ஏன்னா, இவ்வளவு பெரிய டயரப் போட்டுட்டு லோ கியர்ல ஊர்ந்தா, பாதை ஓரத்துல நாற்காலி போட்டு பீர் குடிச்சுட்டு உட்கார்ந்திருக்கானுங்களே, அவனுங்க விசில் அடிப்பானுங்க. அதான்... சரி. சிரிச்சுக்க. இதுக்கு மட்டும் சிரிச்சுக்க.

... முடிஞ்சுதா? இப்ப நான் கேக்குறேன். ஹை கியர்ல போனா பெல்ட்டு முதல்ல நாறணும்ல? நாறல. வெறும் தண்ணிதான் கொதிக்குது. எஞ்சின அணைச்சும் ஃபேன் கத்திகிட்டே இருக்கு, சூடு இறங்கவே இல்ல. அப்ப காத்து எங்க போகுது? ... பொறு. சட்டைப் பையில பில்லு ஒண்ணு இருக்கு. ரேடியேட்டருக்கு முன்னால காட்டுறேன். ஃபேன் காத்த இழுத்தா, அது உறிஞ்சிப் புடிச்சுக்கணும்... விழுந்துருச்சு... மறுபடியும் விழுந்துருச்சு அண்ணே. காத்தே போகல.

... பார்த்தேன், முன்பக்கம் பளபளன்னு இருக்கு. இரு, செல்போன் வெளிச்சத்த ஃபேன் பக்கமா விட்டுப் பார்க்கறேன்... அடடா. உள்ள சுவரே எழுப்பி வச்சிருக்கு. தகடு தகடா களிமண்ணு. இது இன்னிக்குச் சேறு இல்ல, காஞ்ச சேறு. அண்ணே... நேத்து சாயங்காலம் சேத்தோட விட்டுட்டுப் போனேன், நான் இதத் தொடவே இல்ல. காலைல வந்து பார்த்தா கழுவி நிக்குது... யாரு?

... நீயா?

... எதுக்கு? ... ம்... ம்... 'நாளைக்கு உனக்கு ஒரு சௌகரியமா இருக்கட்டும்'னா? பந்தயத்துல எதிர்ல நிக்கிறவனுக்கு ஏன் அந்த வேலை? ... சரி, சரி, அழுவாத குறையாப் பேசாத. எப்படிக் கழுவினே? ... பிரஷர் பம்பா. எந்தப் பக்கத்துல இருந்து? ... அண்ணே. எந்தப் பக்கம்? ... முன்பக்கம்.

கவுன்டருக்குப் பின்னால சுவத்துல என்ன ஒட்டியிருக்கு? ... படி... மனசுல இருந்தே படி... ஆங். 'ரேடியேட்டரைப் பின்பக்கமிருந்து முன்பக்கமாகக் கழுவவும். முன்பக்கம் அடித்தால் சேறு உள்ளே இறுகும்.' அது யாரு கையெழுத்து? ... என்னோடது. நன்றி.

... வேண்டாம், வராத... பின்னாடி என்ன சத்தம்? வண்டிய எடுத்துட்டியா? கயிறோடயா? இறங்கு! ... க்ளோவிஸ், இறங்குன்னு சொல்றேன்! நீ தொட்டா நான் தோத்தேன்னு ஆயிடும். பாசத்தால ஒரு தடவ கெடுத்தது போதும்... சாவிய எடு... எடுத்தியா? சத்தம் கேக்கட்டும்... ம்.

இப்ப மணி நாலே முக்கா. முதல்ல எஞ்சின் சூடு ஆறட்டும். தோட்டத்துக்கு மருந்தடிக்கிற கைப்பம்பு கொண்டாந்திருக்கேன். தண்ணி? ஐஸ்பெட்டியில உருகினது இருக்கு... தெரியும், ஆறுறதுக்கு முன்னாடி ஊத்தினா வெடிக்கும். அதுவும் நான் எழுதி ஒட்டினதுதான்... வைக்காத, லைன்லயே இரு. பேசாம இரு, அவ்வளவுதான்.

...

இருக்கியா? ... இப்பக் கை வைக்க முடியுது. அடிக்கிறேன். பின்னாடியிருந்து முன்னாடி... வருது... வருது அண்ணே, முன்பக்கமா பால் விடாத காபி மாதிரி ஊத்துது... இன்னும்... ஓட்டை வழியா அந்தப்பக்கம் வெளிச்சம் தெரியுது! சாவியப் போடறேன், ஃபேன் ஓடுது... இப்ப பில்லு... ஒட்டிக்கிச்சு! கையை எடுத்தாலும் விழல!

... ஸ்டார்ட் பண்ணிட்டேன். கேக்குதா சத்தம்? ... என்ன கோளாறு சொல்லு பார்ப்போம்... ஒண்ணும் இல்ல. அதான் சரியான பதில். முள்ளு நடுவுல வந்து நிக்குது. சிவப்பு இல்ல... ஆமா, லோ. லோவுலதான் போட்டேன். விசில் அடிக்கிறவன் அடிச்சுக்கட்டும்.

... சொல்ல மாட்டேன். மைக்குலயும் சொல்ல மாட்டேன், மைக் இல்லாமலும் சொல்ல மாட்டேன். நாம கணக்காப் பேசுவோம். ஹை கியர், ஒரு தப்பு, என்னோடது. முன்பக்கமாக் கழுவினது, ஒரு தப்பு, உன்னோடது. டயரு... பெருசுதான், ஒத்துக்கறேன், அது ஒரு தப்பு. ஆனா எந்தக் கடையில வாங்கினேன்? நம்ம கடையிலதானே? பில்லு நான் போட்டேன், படிக்காமக் கையெழுத்து போட்டது யாரு? ... அப்ப ஆளுக்குப் பாதி. உனக்கு ஒண்ணரை, எனக்கு ஒண்ணரை. நேராப் போச்சு. பாக்கி நாலு மைல். அது மட்டும் என்னோடது. மீட்டரு மூணுன்னுதான் காட்டும், நீ நாலுன்னே எழுதிக்க. ரெண்டு கையும் ஸ்டீயரிங்குக்கு வேணும், வைக்கிறேன்.