தொண்டை கட்டிய ஊர்

சாயங்காலம் ஐந்தே முக்கால். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்புநீர்க் கழி, நடுவில் ஒரு மண்கரை... அதுதான் பாதை. ஒன்பது கிலோமீட்டருக்கு ஒரு வீடு கிடையாது, ஒரு விளக்குக் கம்பம் கிடையாது. அதன்மேல் ஒற்றை ஆளாக ஒருவர் மோட்டார் பைக்கில் போகிறார்.

நெருங்கி உட்காருங்கள் கண்ணுகளா. கதவோரம் இருக்கிறவளும் உள்ளே வந்துவிடு. இது நான் கட்டிச் சொல்வதல்ல. என் சிநேகிதியின் கொழுந்தனுக்கு நடந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்தக் கை சில்லிட்டிருந்தது.

கொழுந்தனுக்கு ஊர்க்குறிப்பு எழுதும் உத்தியோகம். ஒவ்வொரு கிராமமாகப் போய் வீடு எத்தனை, ஆள் எத்தனை, கிணறு எத்தனை என்று ஒரு தாளில் எழுதி ஆபீசில் கொடுக்க வேண்டும். ஆபீசில் அவருக்குப் பட்டப்பெயர் 'பைனாகுலர்'. முக்குரோட்டு டீக்கடையில் உட்கார்ந்தபடியே எட்டு ஊரையும் பார்த்துவிடுவாராம். சிரியுங்கள், தப்பில்லை. ஆபீசிலும் சிரித்தார்கள்.

அந்தக் கரையின் கோடியில் ஒரு மீன்பிடி ஊர். நாற்பது வீடு இருக்கும். வெளியில் ஒருவருக்கும் அதன் பெயர்கூடத் தெரியாது. நான்கு வருஷம் முன்னால் அதற்குக் குறிப்பு எழுதக் கிளம்பிய கொழுந்தன், பாதையில் சேற்றைப் பார்த்தார். காலில் புதுச் செருப்பு. டீக்கடைக்கே திரும்பி, இரண்டாவது டீ குடிக்கும்போது எழுதினார். 'குடியிருப்போர்: ஆள் இல்லை.'

அவ்வளவுதான்.

மறு வருஷம் பெரும்புயல் வந்தது. எச்சரிக்கை சொல்ல வண்டி கிளம்பியது... ஆபீஸ் தாளைப் பார்த்துத்தான். ஆட்களை ஏற்றிவரப் படகு கிளம்பியது... அதுவும் தாளைப் பார்த்துத்தான். ஆள் இல்லாத ஊருக்கு யார் போவார்கள்? புயல் ஓய்ந்தபின் செத்தவர்களை எண்ணினார்கள். ஆள் இல்லாத ஊரில் சாவதற்கு யார் இருக்கிறார்கள்? அதனால் அந்த ஊர் யார் நினைப்பிலும் வரவில்லை. பைனாகுலருக்கும்தான்.

இப்போது ஆபீசுக்குப் புது அதிகாரி. "இந்தத் தடவ நேர்ல போய் எழுதிட்டு வாங்க. போட்டோவும் வேணும்" என்று சொல்லிவிட்டார். வேறு வழியில்லை. போகிற வழியில் பழக்க தோஷம், டீக்கடையில் நின்றார்.

"எங்க சார், இந்நேரத்துல?"

"கோடி ஊருக்குத்தான்."

டீக்கடைக்காரர் கிளாஸ் கழுவுவதை நிறுத்தினார். "போக வேண்டிய அன்னிக்குப் போகல. இப்ப எதுக்கு சார்?"

இவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வண்டியை எடுத்துவிட்டார்.

முதலில் வந்தது வாடை. சேறு, டீசல், ஊறி அழுகிய கயிறு. அப்புறம் சத்தம். சொட்... சொட்... மழை பெய்து இரண்டு மாதம் ஆகிறது. ஆனால் கூரை நுனியெல்லாம் நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

ஊர் இருந்தது. இரண்டு பக்கமும் வீடுகள், எல்லாக் கதவும் திறந்தபடி. வாசலுக்கு வாசல் ஆட்கள் நின்றார்கள். யாருக்கோ காத்திருக்கிற மாதிரி. முதல் வீட்டில் ஒரு பெண் மடியில் வலையைப் போட்டுக் கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்தாள்.

"வாங்க தம்பி. எழுதத்தானே வந்தீங்க?"

கரகரத்த குரல். கொட்டாங்கச்சியைக் கல்லில் தேய்த்த மாதிரி.

உட்கார்ந்தார். பெஞ்சு ஈரம். "வீட்ல எத்தன பேரும்மா?"

"அஞ்சு. நல்லாப் பாத்து எழுதுங்க. அஞ்சு."

அடுத்த வீட்டில் ஆறு என்றார்கள். அதுவும் கரகரத்த குரல். மூன்றாவது வீட்டில் ஒரு கிழவர், அவரும் அப்படித்தான். தொட்டிலில் ஒரு கைக்குழந்தை அழுதது... அதற்கும் குரல் கம்மியிருந்தது. வலைக்காரப் பெண் வலையைக் கீழே போட்டுவிட்டு இவர் பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள். அவள் நடந்த இடமெல்லாம் நனைந்தது.

கொழுந்தன் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டார். "என்னம்மா, ஊரு மொத்தமும் ஐஸத் தின்னுட்டுத் தொண்டை கட்டிக்கிட்டீங்களா?"

ஒருவரும் சிரிக்கவில்லை.

"கத்துனோம் தம்பி" என்றாள் அவள். "அதோ, மீன் வைக்கிற அந்த ஐஸ் கொட்டகைக் கூரை மேல ஏறி நின்னு கத்துனோம். மூணு நாளு. தூரத்துல ஒரு படகு வந்துச்சு. நின்னுச்சு. தாளப் பாத்துச்சு. திரும்பிப் போயிருச்சு."

அப்போதுதான் அவர் சுவரைப் பார்த்தார். தண்ணீர் நின்ற கறை. இடுப்பளவு இல்லை, தோளளவு இல்லை... கதவு நிலைக்கும் மேலே.

"நான்... போன தடவையும் வந்தேனேம்மா. நீங்கதான் ஊர்ல இல்ல."

"நாங்க எங்கயும் போகலியே."

அதில் கோபமே இல்லை, கண்ணுகளா. கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை.

அவள் அவருடைய பையிலிருந்து எழுதாத தாள் ஒன்றை உருவினாள். பேனாவையும் வாங்கிக்கொண்டாள். "எங்களுக்கும் எழுதத் தெரியும். நீங்க சொல்லுங்க. எந்தத் தெரு? எத்தனாம் நம்பர் வீடு?"

பள்ளிக்கூடப் பிள்ளை வாத்தியாருக்குச் சொல்கிற மாதிரி சொன்னார். ஏன் சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை.

"எத்தன பேரு?"

"மூணு. நான், என் சம்சாரம், ஒரு பொண்ணு."

பேனா நின்றது. "பொண்ணுக்கு என்ன வயசு?"

"ஏழு."

அவள் தலையைத் திருப்பித் தன் வீட்டுக் கதவைப் பார்த்தாள். கதவிடுக்கில் ஒரு சின்னப் பெண், நனைந்த சட்டையோடு. அதே உயரம்தான் இருக்கும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்... பிறகு எழுதினாள். நான்காக மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தாள். "பத்திரமாப் போய்ட்டு வாங்க தம்பி."

வண்டியை எப்படி எடுத்தாரோ. வளைவில் திரும்பிப் பார்த்தார். ஊர் இல்லை. கழித்தண்ணீர் மட்டும். அதற்கு நடுவில் ஐஸ் கொட்டகையின் கூரை.

எட்டு மணிக்கு வீடு வந்ததும் என் சிநேகிதிக்குப் போன் செய்தார். எல்லாவற்றையும் கொட்டினார். "அண்ணி, அந்தத் தாளப் பிரிக்கவே பயமா இருக்கு."

"பிரிக்காதப்பா. அப்படியே வை. காலைல நானே வர்றேன்."

பின்னால் குழந்தை கேட்டது காதில் விழுந்தது. "யாருப்பா, பெரியம்மாவா?" கணீரென்ற குரல் அதற்கு. மணியடித்த மாதிரி.

காலையில் சிநேகிதி போனாள். கதவு திறந்திருந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மேசையில் மூன்று டம்ளர், ஆவி பறந்தது. நாற்காலியில் பள்ளிக்கூடப் பை. ஆட்களைக் காணோம்.

பக்கத்து வீட்டுக்காரி செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். வாரத்துக்கு இரண்டு தரம் இந்த வீட்டில் சர்க்கரை இரவல் வாங்குகிறவள். அவள் சொன்னாள், "யாரத் தேடுறீங்க? அந்த வீட்ல ஆள் இல்லியேம்மா. ரொம்ப வருஷமாக் காலியாத்தானே கிடக்கு."

மேசையில் டம்ளர்களுக்கு நடுவே அந்தத் தாள். பிரித்திருந்தது. தெரு சரி. கதவு எண் சரி. கீழே ஈரம் ஊறிய ஒரு வரி. 'குடியிருப்போர்: ஆள் இல்லை.' எழுத்து அந்த வலைக்காரப் பெண்ணுடையதாக இருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? கொழுந்தனின் கையெழுத்து.

அப்போது கேட்டது... தண்ணீருக்கு அக்கரையிலிருந்து வருகிற மாதிரி. "அண்ணி... இங்கதான் இருக்கோம்... அண்ணி..." "அக்கா... அக்கா..." "பெரியம்மா... பெரியம்மா..."

அறை அறையாகத் தேடினாள். கட்டிலுக்கடியில், மாடியில், கிணற்றில். எங்கே போனாலும் குரல் அதே தூரத்தில். போலீசுக்குப் போனாள். அவர்களும் ஒரு ரிஜிஸ்தரைப் புரட்டிப் பார்த்தார்கள். "ஆளே இல்லாத வீட்ல யாரம்மா தேடச் சொல்றீங்க?" என்று அனுப்பிவிட்டார்கள்.

இரண்டாம் நாள் போனாள். கேட்டது.

மூன்றாம் நாளும் போனாள். பெரியவர்கள் இரண்டு பேர் சத்தமும் அடங்கியிருந்தது. குழந்தை மட்டும் இன்னும் பெரியம்மா, பெரியம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

அதற்குத் தொண்டை கட்டியிருந்தது.