ஏரிக்கு வேண்டிய நீலம்

கையில் கம்பளி இல்லாவிட்டால் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது, ஐயா. நீங்களோ வெறுங்கையோடு உட்கார வைத்துவிட்டீர்கள். அதனால்தான் முந்தானையைத் திருகிக்கொண்டே இருக்கிறேன். பயந்திருக்கிறாள் என்று வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளாதீர்கள்.

என் பெயர் லூயிசா. நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தின் கூலி லைனில், கல் உடைக்கப் போகும் பெண்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறேன். புருஷன் இல்லை, பிள்ளையும் இல்லை. கம்பளியில் படம் செய்வேன். ஆடு மேய்க்கும் குறும்பர்களிடம் ரோமம் வாங்கி, அலசி, அவுரிச் சாயத்தில் தோய்த்து, சீப்பால் வாரி, பழைய கம்பளித் துண்டின்மேல் அடுக்கடுக்காக வைத்துத் தைப்பேன். பாறை, கருவேலமரம், கொக்கு எல்லாம் வரும். என் கொக்கைப் பார்த்த சுரங்கத்துத் துரைசாணி அம்மா, பேத்தமங்கலம் ஏரியின் விடியற்காலையைச் செய்யச் சொன்னார். பெங்களூர் கண்காட்சிக்கு அனுப்புவாராம், அடியில் என் பெயரும் இருக்குமாம். என் பெயரை அதுவரை யாரும் எங்கேயும் எழுதி வைத்ததில்லை.

ஏரி வந்தது, நாணல் வந்தது. சூரியனுக்கு முன்னால் தண்ணீர்மேல் நிற்கும் அந்த நீலம் மட்டும் வரவில்லை. எப்படி வாரினாலும் ஒன்று சலவை நீலமாகிவிடும், இல்லையென்றால் எலித்தோலாகிவிடும். சோறு இறங்கவில்லை. எழுந்து நடப்பேன், உட்காருவேன், தைத்ததைப் பிரிப்பேன்.

அபின் என்றதும் முகம் சுளிக்கிறீர்கள். லைனில் அது புதிதல்ல. தாய்மார்களே கொண்டுவந்து தருவார்கள். விரல்நுனியில் தொட்டு நாக்கில் தடவினால் ஷிப்ட் முடியும்வரை பிள்ளை தூங்கும். தங்கம்மாவும் தருகிறவள்தான். அன்று மட்டும் மகன் வேலுவை என் மடியில் போட்டுவிட்டுத் தயங்கி நின்றாள்.

“அக்கா, இன்னிக்கி இவனுக்கு அது வேணாங்க. உடம்பு சுடுது. முன்ன பொறந்ததெல்லாம் மண்ணுக்குப் பூட்ச்சி. இவன் ஒருத்தன்தான் எனக்கு.”

“அழுதான்னா இன்னா பண்றது?”

“ஒரு கொரல் குடுங்க, ஓடியாந்துர்றேன். எதிர்க் கொட்டாயிலதான் இருப்பேன்.”

“சரிம்மா, போ” என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

நன்றாகத்தான் தூங்கினான். பிறகு கல்லிடிக்கும் ஆலை திடீரென்று நின்றுவிட்டது. நீங்கள் வெளியூர், உங்களுக்குத் தெரியாது. எங்கள் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து அந்த இடிச்சத்தத்தில் தூங்குகிறவர்கள், அது நின்றால்தான் திடுக்கிட்டு விழிப்பார்கள். எல்லாம் ஒன்றாக வீறிட்டன. அன்று மாலை துரைசாணியின் ஆள் படத்தை எடுக்க வருவதாக இருந்தது. மற்றவர்களுக்குத் தடவினேன். வேலுவுக்கும் தடவினேன். அவன் அடங்கவில்லை, மறுபடியும் தடவினேன். அவன்மேல் எனக்குக் கோபமே இல்லை. பாவம், அவனும் தூங்க வேண்டுமே.

அடங்கினான். அந்த அமைதியில் கை நன்றாக ஓடியது. நிமிர்ந்து பார்த்தபோது அவன் உதட்டில் அந்த நீலம் இருந்தது.

அவனை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தேன். வெள்ளை ரோமத்தில் அவுரி நீலத்தைக் கலந்து வாரி, உதட்டருகே பிடித்துப் பார்த்தேன். கொஞ்சம் சாம்பல் சேர்த்து மறுபடி வாரினேன். எதிர்க் கொட்டகையில் பெண்கள் பேசிச் சிரிப்பது கேட்டது. ஆலை ஓடாததால் நான் மெல்லக் கூப்பிட்டிருந்தாலும் தங்கம்மாவுக்குக் கேட்டிருக்கும். கூப்பிட்டேன், ஐயா. கூப்பிடவே இல்லை என்று லைனில் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். தண்ணீரைத் தைத்து முடித்த கையோடு கூப்பிட்டேன்.

படம் உங்கள் மேசைமேல்தான் இருக்கிறது. யாரும் ஓரத்தைப் பிடித்து இழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் ரோமத்தை வாரத் தொடங்கியபோது பிள்ளைக்கு மூச்சு இருந்ததா என்று மறுபடியும் கேட்கிறீர்கள். இருந்தது. அதனால்தான் அவ்வளவு அவசரப்பட்டேன். மூச்சு நின்றுவிட்டால் அந்த நிறம் போய்விடுமே.