மிச்சம் இருக்கறது தண்ணி வழி

– அக்கா, ஃபோனை வெச்சிடாத. நான் பாத்ரூம்ல உக்காந்து பேசறேன். குழாயைத் திறந்து விட்டிருக்கேன், அப்பாவுக்குக் கேட்கக் கூடாதுன்னு. நான் செத்தேன்க்கா. விடிஞ்சா பஸ்ஸு, அப்பா பெட்டியைக் கட்டி வாசல்ல வெச்சிட்டாரு, அவரு விசா பஸ்ஸுக்குச் செல்லாது.

– என்னடி உளர்ற? விசாவை நீதானே ஃபோட்டோ எடுத்து அனுப்பின?

– அது மொதப் பக்கம். பிரிண்ட் கடைக்காரர் அதை மட்டும்தான் எடுத்துக் குடுத்தாரு. ரெண்டாம் பக்கம் ஒண்ணு இருக்குன்னு இப்பதான் ஃபோன்ல பார்த்தேன். ரோடு வழியா வந்தா இந்த விசாவை வெச்சு உள்ள விட மாட்டாங்களாம். கொட்டை எழுத்துல போட்டிருக்கு.

– சரி. மூச்சு விடு. மொதல்ல மூச்சு விடு சின்னு.

– நீ ஆஸ்பத்திரியில பேஷன்ட்கிட்டப் பேசற மாதிரி பேசாத.

– நானே நாளன்னிக்கு பேஷன்ட்டுதான், அதை நெனச்சுப் பாரு. குழந்தையை எடுக்க வயித்தைக் கிழிக்கப் போறாங்க எனக்கு, நெஞ்சு படபடங்குது உனக்கு. யாருமே கேட்கலையா, பஸ்ல போலாமா கூடாதான்னு?

– யாரு கேட்பா? அப்பா இருபது வருஷமா அந்த ரோட்லதான பஸ் ஓட்டினாரு. எல்லையில இருக்கற அத்தனை பேரும் என் ஆளுங்க, என்னைப் பார்த்தாலே கேட்டைத் தூக்கிடுவாங்கன்னு தெரு முழுக்கச் சொல்லிட்டாரு. நானும் நம்பிட்டேன்.

– அடிப்பாவி. அவரு கேட்டு வரைக்கும் போய் ஆளை இறக்கிட்டுத் திரும்பறவருடி. ஒரு நாளாவது அந்தப் பக்கம் கால் வெச்சிருக்காரா?

– இல்ல.

– அப்புறம்?

– அப்புறம் என்ன, நான் செத்தேன். அப்பாவோட ஃப்ரெண்டுதான் நாளைக்கு டிரைவர். முன் சீட்டு ரெண்டையும் பிடிச்சு வெச்சிருக்காரு. அப்பா இப்பவே சட்டையை மாட்டிட்டுத்தான் படுத்திருக்காரு, கசங்கினாலும் பரவாயில்லையாம்.

– குப்புறத்தானே படுத்திருக்காரு? டாக்டர் சொன்ன மாதிரி?

– குப்புறத்தான். ஆமை மாதிரி.

– சிரிக்க வெக்காதடி, உள்ள உதைக்குது. சரி, பஸ் போச்சு. பிளேன்?

– கண்ணு ஆபரேஷன் பண்ணவங்க கையில பச்சைப் பட்டை கட்டி விட்டிருக்காங்களே, பிளேன்ல ஏறக் கூடாதுன்னு.

– ஆமாமா, மறந்தே போச்சு. கண்ணுக்குள்ள கேஸ் குமிழி வெச்சிருக்காங்க. மேல போகப் போக அது ஊதும். பார்வையே போயிடும். எத்தனை பேரை நானே திருப்பி அனுப்பி... சின்னு.

– என்ன?

– அந்த பஸ் ரோடு. மலை மேல ஏறித்தானே இறங்குது?

– ஆமா. உச்சியில காது அடைச்சுக்கும்னு அப்பா சொல்லுவாரு.

– காது அடைக்குதுன்னா என்னடி அர்த்தம்? பிளேன்ல நடக்கறதுதான் அங்கயும் நடக்கும். டாக்டர்கிட்ட எதுல போறோம்னு சொன்னீங்களா?

– கேட்டாரு. பஸ்ஸுன்னு அப்பா சொன்னாரு. பஸ்ஸுன்னா பரவாயில்லைன்னாரு.

– மலைன்னு சொன்னீங்களா?

– இல்லக்கா. ஐயோ.

– அப்போ உன் ரெண்டாம் பக்கத்துக்கு ஒரு கும்பிடு போடு. அது மட்டும் கண்ணுல படலைன்னா, நாளைக்கு மலை உச்சியில அப்பாவுக்குக் கண்ணு போயிருக்கும். நீ செத்தேன் செத்தேன்னு சொன்னது அப்பத்தான் நெஜமாகியிருக்கும்.

– இப்ப என்னக்கா பண்றது?

– சொல்றேன். அந்த ரெண்டாம் பக்கத்தையே திறந்து படி. ரோடு வழி ஆகாதுன்னா, எந்த வழி ஆகும்னு போட்டிருப்பான்ல.

– இரு. ஏர்போர்ட், ஏர்போர்ட், எல்லாமே ஏர்போர்ட்டு பேருதான். அக்கா, கீழ ரெண்டு துறைமுகம் இருக்கு.

– எது எது?

– ஒண்ணு எங்கயோ. இன்னொண்ணு உங்க ஊரு.

– எங்க ஊரா? நல்லாப் பார்த்தியா?

– உங்க ஊருதான்க்கா. உன் ஆஸ்பத்திரி மாடியில நின்னு கப்பல் படம் எடுத்து அனுப்பினியே, அதே துறைமுகம்.

– கேளு. ஆகாசம் கண்ணுக்கு ஆகாது. ரோடு விசாவுக்கும் ஆகாது, கண்ணுக்கும் ஆகாது. மிச்சம் இருக்கறது தண்ணி. தண்ணியில மேடு கிடையாதுடி. நம்ம நாட்டுலேருந்து இங்க பயணிங்க கப்பல் ஒண்ணு வருமே, இன்னும் ஓடுதா?

– பார்க்கறேன். ஓடுது. நாளைக்குச் சாயங்காலம் கிளம்பி, நாளன்னிக்கு விடியறப்போ அங்க.

– நாளன்னிக்கு விடியறப்பவா? என்னை எட்டு மணிக்கு மேலதான் உள்ள தள்ளிட்டுப் போறாங்க. அப்பா முகத்தைப் பார்த்துட்டுப் போயிடலாம். அம்மா இருந்திருந்தா ஒரு மாசம் முன்னாடியே வந்து உக்காந்து என் உசிரை எடுத்திருப்பா. அவருதான் அம்மா இப்ப. புக் பண்ணு, புக் பண்ணு.

– ரெண்டு சீட்டுதான் காட்டுது. ரெண்டே ரெண்டு. யாராவது பிடிச்சுட்டா?

– நீ பேசறதுக்குள்ள பிடிச்சுடுவான். அமுக்கு. உங்க மாமா கார்டு நம்பர் சொல்றேன்.

– மாமா திட்ட மாட்டாரா?

– அவரு தூங்கறாரு. அந்தக் குறட்டையில கப்பலே சங்கு ஊதினாலும் கேட்காது. எழுதிக்க.

– போட்டுட்டேன். வட்டம் சுத்துது. சுத்திட்டே இருக்குக்கா.

– கையை எடு. எதையும் தொடாத.

– தண்ணிச் சத்தத்துல நீ பேசறதே கேட்கல. இரு, குழாயை மூடிடறேன், டேங்க்கும் காலியாயிடும். ஆங். வந்திருச்சு. திரும்பி வர்ற டிக்கெட் கேட்குது. அது இல்லாம சுத்திப் பார்க்கற விசாவுல ஏத்த மாட்டானாம்.

– அப்பாவுக்குப் போடு. அடுத்த மாசக் கடைசி.

– எனக்கு?

– உன்னோடதுதான் படிப்பு விசா ஆச்சே. அதுக்குக் கேட்க மாட்டாங்க. ஒண்ணு போதும்.

– அக்கா, அப்பாகிட்ட எப்பச் சொல்றது? கண்ணுல கட்டோட இருந்தாரு, காலேஜ் பேப்பர்ல நான் விரல் வெச்ச எடத்துல எல்லாம் கையெழுத்துப் போட்டாரு. எதுக்குன்னுகூடக் கேட்கல.

– குழந்தையைக் கையில குடுத்துட்டுச் சொல்லிக்கலாம். பேத்தி மூஞ்சியைப் பார்த்தா எல்லாத்துக்கும் தலையாட்டுவாரு. நான் இருக்கேன்ல. இங்க சீட் கிடைக்காதான்னு எத்தனை புள்ளைங்க அலையுது தெரியுமா?

– தெரியும். அக்கா, வந்திருச்சு. டிக்கெட் வந்திருச்சு. ரெண்டு பேரும் கப்பல்ல வர்றோம்.

– நெஜமாவா? படிச்சுக் காட்டு. அழறேன் பாரு நான், பைத்தியக்காரி மாதிரி.

– நான் கடலையே படத்துலதான் பார்த்திருக்கேன்க்கா. ராத்திரி பூரா மேல் தட்டுலயே நிப்பேன். அப்பா கண்டிப்பா கேப்டன்கிட்டப் போய், பிரேக் எங்கப்பா இருக்குன்னு கேட்பாரு.

– ஹாரன் அடிச்சுப் பார்க்கணும்னு நிப்பாரு, பாரேன்.

– அக்கா. ஷ்ஷ். கதவு கிட்ட யாரோ.

– யாரு?

– சின்னு, தாழ்ப்பாளைத் திற. ஃபோன்ல பெரியவதானே? ஸ்பீக்கரைப் போடு.

– அப்பா, நீங்க எந்திரிக்கக் கூடாது, குப்புற...

– எவ்வளவு நேரம்தான் தலைகாணிகிட்டயே பேசிட்டிருக்கறது. என்னம்மா பெரியவளே, வயிறு எப்படி இருக்கு?

– நல்லா இருக்குப்பா. நீங்க எப்பப்பா முழிச்சீங்க?

– குழாயை மூடினப்போ. பஸ்காரன்கிட்ட நான் வரலைன்னு காலையில சொல்லிடறேன். கப்பலுக்குப் போறதுக்கு ரெண்டு டிக்கெட்டு, வர்றதுக்கு ஒண்ணு. கண்ணுக்குத்தான்மா கேடு, காது நல்லாத்தான் இருக்கு.

– அப்பா, நான் சொல்லத்தான்...

– திட்டலடி. படிக்கற புள்ளையை எந்தக் கேட்டுலயும் நிறுத்தி வெக்கற ஆளு இல்ல நான். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. நான் திரும்பி வந்து எறங்கற அன்னிக்கு ராத்திரி, இந்தக் கண்ணுக்கு சொட்டு மருந்து யாரு ஊத்துவா?