குண்டு விளையாடும் மாப்பிள்ளை

யுத்த காலம். பாலாவிச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறக்கி, சோதனைக்கு வரிசையில் நிற்க வைத்தார்கள். எனக்கு முன்னால் நின்ற பெண் தன் தங்கையிடம் சொன்னார்:

"கற்பிட்டி மாப்புள குண்டு வெளயாடுறவராம். அதான் மகளுக்கு வேணாமெண்டுட்டேன்."

குண்டு என்றதும் எல்லோரும் திரும்பினார்கள்.

"மெல்லக் கதைங்க ராத்தா! அது வெளயாட்டு மெசின்ட கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஓடுற இரும்புக் குண்டு. கப்பல்ல வேல செய்யக்குள்ள பழகினாராம்" என்றாள் தங்கை.

"சூதுதானே? ஹறாம்."

"சூதில்ல. வெண்டா இன்னொருக்கா வெளயாடலாம், அவ்வளவுதான்."

"எல்லாம் அதிர்ஷ்டந்தானே?"

"அதுவுமில்ல. குண்டு கீழ விழாம பொத்தான அமத்தித் தட்டோணும். கையும் கண்ணும் ஒண்டா நிக்கோணும்."

பக்கத்தில் நின்ற மகள் வாய் திறந்தாள். "பொண்ணு பாக்க வந்த அண்டைக்கு அவரும் இதத்தானே சொன்னாரு உம்மா. நீங்க கேக்கல்ல."

தாய் பையைத் தூக்கிக்கொண்டார். சிப்பாய் கத்தக் கத்த வரிசையை விட்டு விலகி, எதிரே நின்ற கற்பிட்டி பஸ்ஸை நோக்கி நடந்தார். மகள் பின்னால் ஓடினாள்.